விடுப்பில் வந்து குடும்பத்தோடு மாரத்தான்: எந்த வாரம், எவ்வளவு தூரம், யாருடைய வேகம்?

வெளிநாட்டில் வேலை, கையில் நான்கு வார விடுப்பு, அதற்குள் ஊரில் ஒரு மாரத்தான் வருகிறது. மனைவி, தம்பி, 15 வயது மகள், 60 தாண்டிய அப்பா என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு ஓட ஆசை, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நானும் விடுப்பில் வந்து வீட்டாரோடு ஓடுகிறவன்தான், மற்றவர்களுக்குப் பேஸராகவும், அதாவது கூடவே ஓடி வேகத்தைச் சீராக வைத்துக்கொடுப்பவராகவும், ஓடியிருக்கிறேன். அதில் பார்த்தவரைக்கும், இந்த மாதிரி ஓட்டத்தில் கால் வலியைவிடத் தேதிக் குழப்பமும் வேகக் குழப்பமும்தான் ஆட்களை வீழ்த்துகின்றன. அதனால் அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் ஓடப்போவது உங்கள் நேரத்தைக் குறைக்கவா, இல்லை வீட்டாரோடு ஓடவா? இரண்டையும் ஒரே காலையில் செய்ய முடியாது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 30 நொடியில் ஓடிப் பழகியவர், 8 நிமிட வேகத்தில் ஓடும் மனைவியோடு முதல் 5 கிலோமீட்டர் சிரித்துப் பேசிக்கொண்டு போவார். பத்தாவது கிலோமீட்டரில் அவரை அறியாமலே அரை அடி முன்னால் இருப்பார். அந்த அரை அடி அவருக்குத் தெரியாது, பக்கத்தில் வருகிறவருக்கு நன்றாகத் தெரியும். எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், விரல்கள் முஷ்டியாக இறுகும், பேச்சு ஒற்றை வார்த்தைக்குச் சுருங்கும், பதினாறு கிலோமீட்டர் வரும்போது தெம்பு தீர்ந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். பேஸராக ஓடும்போது நான் பார்ப்பது முகத்தை அல்ல, தோளையும் கையையும்தான். தோள் ஏறிவிட்டால் வேகம் ஏற்கெனவே கூடிவிட்டது என்று அர்த்தம். ஆகவே குடும்பத்தோடு ஓடுவது என்றால் இருப்பதிலேயே மெதுவானவர் யாரோ அவர்தான் வேகத்தை வைப்பார், நீங்கள் அவருக்குப் பக்கத்திலோ அரை அடி பின்னாலோ. உங்கள் சொந்த நேரத்துக்கான ஓட்டத்தை வேலை பார்க்கும் நாட்டிலேயே வேறொரு மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். இதையும் உங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறவருக்கே அதற்குப் பொதுவாக 16 முதல் 18 வாரப் பயிற்சி சொல்வார்கள், அதில் நீண்ட ஓட்டம் 30, 32 கிலோமீட்டர் வரை போகும். கட்-ஆஃப் நேரமும், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரமும், இருக்கிறது. 6 மணி நேரம் என்று வைத்திருந்தால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 நொடி, அதுவும் தண்ணீருக்கு நின்றது, கழிப்பறைக்குப் போனது எல்லாம் சேர்த்து. ஓடியே பழகாத ஒருவரை நான்கு மாதத்தில் அதற்குள் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓடி முடித்துவிடலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர் ஷூவை எடுக்கவே மாட்டார். உங்கள் வீட்டு நிலைக்கு 10 கிலோமீட்டர் எல்லோருக்கும் சரியான தூரம். மனைவியும் தம்பியும் இப்போதே நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடிகிறவர்கள் என்றால், பத்துப் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்து நீங்கள் மூவரும் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் போகலாம். மகளும் அப்பாவும் 10 அல்லது 5. மகளை முழு மாரத்தானில் சேர்க்கலாமா என்ற யோசனையே வேண்டாம், பெரும்பாலான பெரிய ஓட்டங்களில் அதற்குக் குறைந்தபட்ச வயது 18. அரை மாரத்தானுக்கும் வயது வரம்பு உண்டு, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், பதிவுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மாரத்தானுக்கு வேகக் கணக்கு இது: கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் 2 மணி 49 நிமிடத்தில் முடியும். வேகமாக நடந்தாலே மணிக்கு 6 கிலோமீட்டர் வரும், ஆனால் முழுவதும் நடந்தால் மூன்றரை மணி நேரம் ஆகிவிடும், பல இடங்களில் அதற்குள் பாதையைத் திறந்துவிட்டு வண்டிகளை விட ஆரம்பித்துவிடுவார்கள். கட்-ஆஃப் எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கேளுங்கள். உங்களிடம் மாட்டியிருக்கும் சிறு சிப் பதிவு செய்யும் நேரம் நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதும்தான் தொடங்கும், ஆனால் கட்-ஆஃப் கடிகாரம் பல ஓட்டங்களில் துப்பாக்கி வெடித்ததுமே ஓட ஆரம்பித்துவிடும். கடைசி வரிசையில் நிற்கிற குடும்பத்துக்கு அதிலேயே பத்து நிமிடம் போய்விடலாம்.

இனி விடுப்புக் கணக்கு. பலர் நினைப்பது, விடுப்பில் போய்ப் பயிற்சி செய்யலாம், கடைசி வாரம் ஓட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று. தலைகீழாகச் செய்யுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் டேப்பர், அதாவது பயிற்சியைக் குறைக்கிற காலம். ஓடும் தூரத்தை ஏறக்குறைய பாதியாக்கி, வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டால் போதும், உடம்பு புத்துணர்ச்சி பெறும், சேர்த்த திறன் எங்கும் போகாது. விடுப்பின் முதல் இரண்டு வாரத்தில் உறவினர் வீடு, வங்கி வேலை, பள்ளி வேலை என்று உங்களால் அதிகம் ஓட முடியப்போவதில்லை. அந்தக் காலம் டேப்பரோடு பொருந்திவிடுகிற மாதிரி தேதியை வைத்துக்கொண்டால் இழப்பே இல்லை. கஷ்டமான பயிற்சி முழுவதையும் வேலை செய்யும் இடத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள். நான்கு வார விடுப்பில் இரண்டாவது வாரக் கடைசியோ மூன்றாவது வாரக் கடைசியோதான் ஓட்டத்துக்கு நல்ல நாள். வந்து இறங்கிய வாரமும் வேண்டாம், கிளம்பும் வாரமும் வேண்டாம்.

இறங்கிய வாரம் ஏன் வேண்டாம் என்றால், ஜெட் லாக். கடந்து வரும் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் சுமார் ஒரு நாள் என்பது தோராயமான கணக்கு. கிழக்கே பறந்து வந்தால் மேற்கே பறந்ததைவிடக் கஷ்டம், ஏனென்றால் நம் உடம்புக் கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது, நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவதுதான் சிரமம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, தொண்டை வறண்டு, இரண்டு நாள் தூக்கமும் கெட்டு வந்திருப்பீர்கள். இறங்கிய மறுநாள் அரை மணி நேரம் மெதுவாக ஓடுங்கள், பகல் வெளிச்சத்தில் ஓடினால் கடிகாரம் சீக்கிரம் திரும்பும். வேகப் பயிற்சியை நான்கைந்து நாளுக்குத் தொடாதீர்கள்.

வெயில் இதைவிடப் பெரிய விஷயம். குளிர் நாட்டிலிருந்து வெப்பமான ஊருக்கு வருகிறீர்கள் என்றால், உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயத் துடிப்பு கொஞ்சம் அடங்கும், அப்புறம் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வர ஆரம்பிக்கும், அதில் போகும் உப்பு குறையும். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது, தினம் ஒரு மணி நேரமாவது வெப்பத்தில் உடம்பை அசைக்க வேண்டும். மாரத்தானுக்கு உகந்த வெப்பநிலை 10 டிகிரியைச் சுற்றி என்பார்கள், அதிலிருந்து ஏற ஏற எல்லோருக்கும் வேகம் குறையும், மெதுவாக ஓடுகிறவர்கள் அதிக நேரம் வெயிலில் நிற்பதால் அவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானையே கடும் வெப்பத்தால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, அத்தனை அனுபவமும் வசதியும் உள்ள ஓட்டம் அது. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வெயில் பழக்கம், உங்களுக்கு இல்லை. குடும்பத்திலேயே அதிகம் ஓடுகிறவர் நீங்கள்தான், ஆனால் அன்றைக்கு முதலில் சோர்ந்து விழக்கூடியவரும் நீங்கள்தான்.

பயிற்சிக்கு வருகிறேன், இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீங்கள் ஒரு நாட்டில், அவர்கள் வேறு நாட்டில் இருக்கும்போதே சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடலாம். வாரத்தில் ஒரு நாளைப் பொது நாளாக வையுங்கள், அவர்களுக்கு அதிகாலை, உங்களுக்கு இரவோ பின்மதியமோ, எது ஒத்துவருகிறதோ. காதில் இயர்போனோடு ஒரே அழைப்பில் இருவரும் ஓடலாம். வண்டி போகாத பாதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு காது திறந்திருக்கட்டும். அழைப்பில் முதலில் கேட்பது காலடிச் சத்தம், அப்புறம் மூச்சு. நேற்று வீட்டில் நடந்ததை மனைவி முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தால் வேகம் சரி. வாக்கியம் நடுவில் உடைந்து, வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கினால், உடனே மெதுவாக ஓடச் சொல்லுங்கள். கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்ப்பதைவிட இது நம்பகமாக இருக்கிறது என்பது என் அனுபவம். நீங்கள் கப்பலிலோ முகாமிலோ இருந்து டிரெட்மில் மட்டும்தான் உண்டு என்றாலும் பரவாயில்லை, அதிலும் இப்படிச் சேர்ந்து ஓடலாம். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு மட்டும் நீண்ட ஓட்டத்துக்குப் போகாதீர்கள், தூங்கி எழுந்து ஓடுங்கள்.

மகளுக்கு அட்டவணை எழுதிக் கையில் கொடுத்து விரட்ட வேண்டாம். எவ்வளவு தூரம், எந்த நாள் என்பதை அவளே சொல்லட்டும். சித்தப்பாவோடு ஓடுவது அப்பாவோடு ஓடுவதைவிட அவளுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஷூ பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்வது இது. பெட்டியில் நான்கு ஜோடி புது ஷூ கொண்டுவந்து, ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் பிரித்துக் கொடுப்பது. அன்பு புரிகிறது, ஆனால் அந்த ஷூவில் ஓடினால் கொப்புளமும் நகக் கறுப்பும் உறுதி. வாங்கித் தரத்தான் வேண்டும் என்றால் ஆறேழு வாரம் முன்பே யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், அல்லது அவர்களே அங்கே போட்டுப் பார்த்து வாங்கப் பணம் அனுப்புங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும் சாக்ஸோடு அளவு பார்க்க வேண்டும், கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஓட்டத்தில் தருகிற புது டி-ஷர்ட்டுக்கும் இதே விதிதான், அன்றைக்கே போட்டு ஓடினால் அக்குளிலும் மார்பிலும் உரசிப் புண்ணாகும்.

அப்பாவைப் பற்றி. வயது தடையே இல்லை, ஃபௌஜா சிங் 2011-ல் டொரண்டோவில் முழு மாரத்தான் ஓடியபோது அவருக்கு வயது 100 என்று உலகமே பேசியது. ஆனால் அவரைக் காட்டி உங்கள் அப்பாவை ஓட வைக்காதீர்கள். பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், நீங்கள் வரும்வரை காத்திருக்காமல் தம்பி அழைத்துப் போகட்டும். மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத மூச்சிரைப்பு, தலைசுற்றல் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள், அப்பாக்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், அதுவும் மகன் இவ்வளவு தூரத்திலிருந்து ஓடுவதற்கென்றே வருகிறான் என்றால் சொல்லவே மாட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுக்கிறார் என்றால், ஓடும் நாளில் அதை எப்போது எடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வலி மாத்திரையை, முக்கியமாக இபுபுரூஃபென் வகையை, ஓடுவதற்கு முன்போ ஓடும்போதோ யாரும் போட வேண்டாம், நீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்துக்குச் சுமை. நடந்து முடிக்கக்கூடிய 5 கிலோமீட்டரோடு அப்பா நிறுத்திக்கொண்டால் அதுவும் சேர்ந்து ஓடியதுதான்.

பதிவு விஷயத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. பல ஓட்டங்களில் இடம் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பிப், அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் தாள், வாங்க ஓட்டத்துக்கு முந்தைய நாள் அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டியிருக்கும், பதிவில் கொடுத்த பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பிப்பின் பின்பக்கம் அவசரத் தொடர்பு எண் எழுதும் இடம் இருக்கும். அதில் நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் வெளிநாட்டு எண்ணை எழுதினால் அன்றைக்கு அந்த சிம் அணைந்து கிடக்கும். அதைவிட முக்கியம், குடும்பமே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் எண்ணை மற்றவர் பிப்பில் எழுதிப் பயனில்லை. அன்று ஓடாமல் வெளியே நிற்கும் ஒருவரின் எண்ணை எல்லோரும் எழுதுங்கள், ரத்த வகை, மருந்து ஒவ்வாமையோடு சேர்த்து. விடுப்பு கடைசி நேரத்தில் ரத்தாகிவிட்டால் உங்கள் பிப்பை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு பார்ப்பது உங்கள் வயதையும் உங்கள் விவரத்தையும்தான். அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருகிறார்களா என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

தேதியே ஒத்துவரவில்லை என்றால்? ஜப்பானில் எகிடென் என்ற தொடர் ஓட்டம் இருக்கிறது, 1917-ல் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை நடந்ததுதான் முதல் எகிடென், கோலுக்குப் பதில் தசுகி என்ற துணிப் பட்டையைத் தோளில் மாட்டி அடுத்தவருக்குக் கைமாற்றுவார்கள். மாரத்தான் தூரத்தை 5, 10, 5, 10, 5, 7.195 என்று ஆறு பங்காகப் பிரிப்பது அதில் வழக்கம். உங்கள் வீட்டுக்கு இது அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு 5, மகளுக்கு 5, மனைவிக்கு 5, தம்பிக்கு 10, மிச்சம் இரண்டு பங்கும் உங்களுக்கு, நடுவில் ஓய்வு எடுத்துக்கொண்டு. விடிகாலையில் ஒரு பூங்காச் சுற்றில் உங்களுக்கு வசதியான நாளில் நடத்தலாம், முழு 42.195-ஐயும் குடும்பமாக முடித்தும் விடலாம். பதக்கம் இருக்காது. ஆனால் ஒருவர் ஓடும்போது மற்ற நாலு பேரும் கோட்டில் நின்று கத்துகிற சந்தோஷம் பெரிய ஓட்டத்தில் கிடைக்காது. உண்மையைச் சொன்னால், விடுப்பு குறுகியது என்றால் நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஓட்டத்தன்று, ஓட-நட முறையைக் கடைப்பிடியுங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறை அது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன்பே திட்டமிட்டு நடப்பது வேறு. இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் நடை, அல்லது நான்குக்கு ஒன்று, பயிற்சியில் எது ஒத்துவந்ததோ அது, முதல் கிலோமீட்டரிலிருந்தே. முதல் மூன்று கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

தண்ணீர் விஷயத்தில் வீட்டார் அன்பு தொல்லையாகிவிடக்கூடும். குடி, குடி என்று ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு கோப்பையை நீட்டாதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்கள், இவர்களிடம்தான் அது அதிகம் தென்பட்டது. குடும்பமாக மெதுவாக ஓடுகிறவர்கள் சரியாக இந்த வகை. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம், ஓட்டக்காரர்கள் சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல்லோ வேறு எதுவோ, பயிற்சியில் சாப்பிட்டு வயிறு ஏற்றுக்கொண்டது மட்டும்.

முக்கியமான ஒன்றை முந்தைய இரவே பேசி வையுங்கள்: யாராவது நடுவில் நிற்க நேர்ந்தால் யார் அவரோடு நிற்பது. அந்த இடத்தில் நின்று விவாதிக்கக் கூடாது. மனைவி நின்றால் நீங்களும் நிற்கிறீர்கள், தம்பி மகளோடு போய்க்கொண்டே இருக்கிறான் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் கூட்டத்தில் போன் வேலை செய்யாமல் போவது சகஜம், அதனால் சந்திக்கும் இடத்தையும் முன்பே போய்ப் பார்த்து வைத்துவிடுங்கள்.

திரும்பும் விமானத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மூன்று நாள் விடுங்கள், முழு மாரத்தான் என்றால் ஒரு வாரம் இருந்தால் நல்லது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பறந்தாலே காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது, தசை நைந்து நீரும் வற்றிய காலோடு மறுநாளே ஏறி உட்காருவது அதை இன்னும் கூட்டும். நடைபாதைப் பக்க இருக்கை வாங்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், அழுத்தச் சாக்ஸ் போடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது ஓடிய வலி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள், ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து வந்தாலும்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஓட வேண்டாம், நடந்தால் போதும். பொது நாள் அழைப்பை மட்டும் அந்த வாரமே திரும்பத் தொடங்கிவிடுங்கள், அவர்கள் அங்கே நடக்கட்டும், நீங்கள் இங்கே நடங்கள்.